நான்காம் குழி

முதலில் அந்தச் செடியைச் சுவரோரத்தில் மிதித்தார்கள். அடுத்து, கீரைப் பாத்தியில் ஒதுங்கி நின்றதைக் களை என்று பிடுங்கி எறிந்தார்கள். மூன்றாவதாக, அதன் இலையை அரைத்துப் பூசிச் சிரங்கு ஆறியவர்களே அதை வாசலில் முளைக்க விடவில்லை. கடைசியாக ஆய்வுக்கூடத்தில், மற்ற இலைகளின் பெயர்களைச் சோதனைத் தட்டின் மூடியில் எழுதிவிட்டு, அதற்கு மட்டும் நான்கு என்று எண் போட்டார்கள்.

எந்த இலை கிருமியைக் கொல்லும் என்று பார்க்க, கிருமி வளர்த்த அந்தக் கண்ணாடித் தட்டில் குழிக்கொரு சாறு ஊற்றியிருந்தார்கள்.

"நாலாம் நம்பரே, தள்ளி உட்காரு" என்றது துளசிச் சாறு.

"தள்ளித்தான் உட்கார்ந்திருக்கேன், தாயே. நாளைக்குக் கிருமி யாரைக் கண்டு தள்ளி நிக்குதுன்னு பார்ப்போம்."

மறுநாள் துளசியைச் சுற்றிக் கிருமிகள் அரை விரல் அகலம் விலகியிருந்தன. நான்காம் குழியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தட்டு துடைத்துவிட்டதுபோல் பளபளத்தது. அளவுகோல் நம்பாமல் மூன்று முறை அளந்தது.

"அடேயப்பா! இதை வெறும் எண்ணாக எழுத எனக்கு மனசு வரல. பேரைச் சொல்லுங்க" என்றது.

செடிகளைப் பறித்த அன்றே பெயர்களைக் குறித்துவைத்திருந்த நோட்டு தன் பக்கத்தைப் புரட்டியது. அலமாரிக் குப்பிகள் அத்தனையும் கேட்க, உரக்க வாசித்தது:

"குப்பைமேனி."