கொட்டகை இருக்கும் இடம்

இப்போதெல்லாம் எவனும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காஜா பெராங் பகுதியில் மாட்டுக் கொட்டகை வாசலில் நிற்கும் நகரசபை அதிகாரி ராஜரத்தினமும், ஓட்டைத் தகரத்தில் ஒழுகும் காலை வெயிலைப் பார்த்தபடியே, "சுதந்திர நாடு தாத்தா. இங்கே செருப்புத் தொழிற்சாலை வரணும். ஊருக்கு வெளியே குருபோங்ல இடம் தர்றோம், மாட்டை ஓட்டிட்டுப் போங்க," என்கிறான். பால் கறக்கும் வைரப்பன் நிமிரவில்லை. பெண்டாட்டி போனபின் அவரிடம் நாலு வார்த்தை பேசுவது பால் வாங்க வருகிற தெருச்சனம் மட்டும்தான். "அங்கே பால் வாங்க யார்டா வருவா?" "பால் ஏத்த லோரி வரும்." "லோரி வந்து சாப்பிட்டியான்னு கேக்குமா?" செம்போடு நிற்கும் சாரதாம்பாள் மெதுவாக, "தொழிற்சாலை வந்தா என் மவனுக்கு வேலை கிடைக்கும், மாமா," என்கிறாள். பால் நுரை அடங்கும் சத்தம் கேட்கிறது. அவர் அவள் செம்பில் அளந்து ஊற்றி, வழக்கம்போல் கொசுறும் விட்டு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேய்ச்சலுக்கு நடக்கிறார். தொழிற்சாலை வருவது எல்லாருக்கும் நல்லது என்று அவருக்கு இன்னும் படவில்லை.