மெட்டில்லாத கடவுள் வாழ்த்து

ஹைதராபாத் வெயிலில் மைக் கம்பம் கொதிக்கிறது. அதைப் பிடித்திருக்கும் ஜெசிந்தாவின் விரல்கள் அதைவிடக் கொதிக்கின்றன. மூன்று வருடம் உலை முன்னால் வெந்து அவள் உருவாக்கிய உலோகக் கலவையை, ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கும் அமைச்சருக்கு விளக்கப் போகிறவர் டைரக்டர் வேதாசலம். அவளுக்குக் கிடைத்தது கடவுள் வாழ்த்துப் பாடும் வேலை.

"ரேடியோவுல பாடறவதானேம்மா? பாடிட்டு ஓரமா நில்லு," என்கிறார் டைரக்டர்.

"அங்க நாலு பேர் சேர்ந்து பாடறோம் சார். நான் கீழ்க்குரல். மெட்டு மத்தவங்களோடது."

"பாட்டுன்னா பாட்டுதான்."

"சண்டை நக்கோ மேடம், வேணாம்," என்று முணுமுணுக்கிறான் அவள் உதவியாளன் ஜெகநாதன்.

அவள் சண்டை போடவில்லை. ரேடியோ நிலையத்தில் பாடும் தன் பங்கை மட்டும் பிசகாமல் பாடுகிறாள். ஒரே சுரத்தை நீட்டுகிறாள், கொஞ்சம் இறங்குகிறாள், மற்ற மூவரின் இடம் வரும்போதெல்லாம் வாய் மூடி நிற்கிறாள். அந்த மௌனத்தில் பந்தல் துணி படபடக்கிறது. மெட்டு வருமென்று கூட்டம் காத்திருக்கிறது. வேதாசலத்தின் கழுத்து சிவக்கிறது.

"மிச்சப் பாட்டு எங்கேம்மா?" அமைச்சர் கேட்கிறார்.

"பாட்டுக்கு இன்னும் மூணு பேர் வேணும் சார். அந்தக் கலவைக்கு நான் ஒருத்தி போதும். உள்ள வாங்க, காட்டறேன்."

மைக்கை வேதாசலத்தின் கையில் திணித்துவிட்டு உலைக்கூடத்தை நோக்கி நடக்கிறாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கிறது.