படம் காட்டிய மத்தியானம்

"ஏனுங்க..."

கதவுக்கு வெளியே பங்காரம்மாவின் குரல். டீ கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் ஜெபராணி.

டீயா இப்போது முக்கியம்! காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில், பங்காரம்மாவின் வாழைத்தார் கொட்டகைக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்குவதற்குள்ளேயே அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பீளமேட்டுக் கல்லூரியிலிருந்து ஸ்லைடு மிஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி வந்திருந்தாள். யானைகளைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் இங்கிலீஷில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதை, யானையோடு மல்லுக்கட்டுகிறவர்களிடம் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

எதிரே வனக் காவலர்களும் தோப்புக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தோப்புக்குள் இறங்கும் யானைக் கூட்டத்தை நாளைக் காலையில் வெடி போட்டு விரட்டுவதென்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது. வெடிக்கட்டு சுவரோரமாக இருந்தது.

குட்டியோடு நிற்கும் யானைக்குப் பக்கத்தில் வெடித்தால் அது ஓடாது. ஆள் மேல் பாயும். போன கோடையில் பக்கத்து ஊரில் ஒருவர் அப்படித்தான் செத்தார். இன்றைக்கு இவர்கள் மனசு மாறாவிட்டால் நாளைக்கு இங்கே யார் வீட்டில் எழவு விழுமோ!

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுங்க அம்மிணி," என்று ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நல்லாத்தான் படம் காட்டுறாங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்கவே நேரமானது.

"ஏனுங்க..." மறுபடியும். முன்னைவிட மெல்ல.

இப்போதுதான் நாலு பேர் திரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் வெயில் விழுந்து எல்லாம் கெட்டுப்போகும். சனியன் பிடித்த டீ!

"அப்படியே நில்லுங்கம்மா," என்று திரும்பாமலே குரல் கொடுத்தாள். "இங்க வந்துபோடாதீங்க. சித்தெ பொறுங்க, வாரேன்."

வெளியே சத்தம் நின்றது.

மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவன் வரதராஜுலு. வனக் காவலன், பங்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவன் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினான். அதன் காற்றாடி இரைச்சல் அடங்கியதும் அந்தக் குரல் மறுபடியும் கேட்டது, காற்றுப் போல மெல்ல, ஆனால் தெளிவாக.

அவன் முகம் வெளுத்தது. "அது ஏனுங்க இல்லீங்க அம்மிணி. ஏனுகு. எங்க ஊட்டுத் தெலுங்குல ஆனைங்க!"

ஊரெல்லாம் கொங்குத் தமிழில் வாய் மணக்கப் பேசுகிற மனுஷிக்கு, பயத்தில் வீட்டுப் பேச்சுதான் வந்திருக்கிறது.

ஜெபராணி சாக்கின் ஓரத்தை விலக்கினாள். ஏசப்பா!

களத்து மேட்டில் டீப் போசியோடு பங்காரம்மா. எதிரே பெண் யானை. இரண்டுக்கும் நடுவே குட்டி, போசியை மோந்து பார்த்துக்கொண்டு.

வரதராஜுலு வெடியை உருவித் தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டான். அவன் மணிக்கட்டை ஜெபராணி இறுக்கிப் பிடித்தாள்.

"உடுங்க! அது எங்கக்காங்க!"

"அதனாலதானுங்க சொல்றேன். வெடிச்சா அவங்க மேலதான் பாயும்."

சொல்லிவிட்டாள். படித்ததெல்லாம் சரிதானா? ஒருவேளை இந்த யானை அப்படி இல்லையென்றால்? அந்த உயிர் அவள் தலையில்தானே விடியும்! ஆனாலும் பிடியை விடவில்லை.

குட்டி போசியைத் தட்டிவிட்டது. சூடு பட்டு வீறிட்டது. தாய் காதை விரித்துக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வைத்தது. கொட்டகையில் யாரோ சாமியைக் கூப்பிட்டார்கள். பங்காரம்மா அசையவில்லை.

தும்பிக்கை குட்டியைத் தடவியது. தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பிறகு இரண்டும் வாழைகளுக்கு நடுவே போய் மறைந்தன.

போன உயிர் திரும்பி வந்தது எல்லோருக்கும்.

பங்காரம்மா உள்ளே வந்து தரையில் சரிந்து உட்கார்ந்தாள். தம்பி நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. ஜெபராணியின் கைகளைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஓடறதுக்குக் கால எடுத்துப்போட்டேன் கண்ணு. அப்பத்தான் நீ உள்ளயிருந்து, அப்படியே நில்லுங்கம்மா, இங்க வராதீங்கன்னே. படிச்ச புள்ள காரணமில்லாமயா சொல்லும்னு நின்னுபோட்டேன். நீதான் எனக்கு உசுரு குடுத்த சாமி."

ஜெபராணி எதற்காக அப்படிச் சொன்னாள் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், பங்காரம்மா ஒருத்தியைத் தவிர. ஜெபராணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மா, நான் வந்து..."

"ஆமாக்கா," என்று குறுக்கே புகுந்தான் வரதராஜுலு. "அம்மிணி சொன்னதாலதான் பொழைச்சே."

குனிந்து வெடிக்கட்டைத் தூக்கினான். கதவருகே அவளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினான்.

"உண்மையச் சொல்லிப்போடாதீங்க. எங்கக்கா இந்த அடிவாரம் முச்சூடும் இதையேதான் பேசும். உங்க புஸ்தகம் நுழையாத ஊட்டுக்குள்ளயெல்லாம் அந்தப் பேச்சு நுழையும்."

ஜெபராணி வாயை மூடிக்கொண்டாள். அவன் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போய், வெடிக்கட்டை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.