பூட்டில்லாத கடை

“ஒரு பூட்டு குடுப்பா” என்று ஜபருல்லா கேட்டதும் லோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜபருல்லாவின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு எதிரே ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவன் அவன். பதினெட்டு வருடமாகத் தினமும் அங்கேதான் பசியாறுகிறான். அந்தக் கடை மூடி அவன் பார்த்ததே இல்லை.

“என்னண்ணே, அதிசயமா இருக்கு! அக்காவ கூட்டிக்கிட்டு ஜாலான் ஜாலான்னு ஊர் சுத்தப் போறீங்களா லா?”

“சுலைஹா லீவு கேட்டுச்சுப்பா” என்றார் ஜபருல்லா. காசை வைத்துவிட்டுப் பூட்டை எடுத்துக்கொண்டார்.

பொய் இல்லை. அவர் மனைவி கேட்கத்தான் செய்தாள்.

இருபத்து நாலு மணி நேரக் கடை. பெருநாள் தொழுகைக்குப் போகும்போதுகூட வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிட்டுத்தான் போவார்கள். கொரோனா காலத்திலும் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் சுலைஹா சமைத்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கடைக்குப் பூட்டு தேவைப்பட்டதே இல்லை.

போன நோன்புக்குப் பிறகுதான் அவள் மாறினாள். மீன் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தால், மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். ஜோகூரிலிருந்து மகள் போன் செய்தால் பேசாமல் அழுதாள். தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை என்றாள்.

ஜபருல்லா சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. மசாலா அரைக்கப் பெரிய மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மனிதருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

“ஒரே ஒரு நாள் மச்சான். ஃபெர்ரியில பட்டர்வொர்த் போய், அடுத்த ஃபெர்ரியில திரும்பிடலாம். சும்மா உக்காந்துட்டு வரணும், அவ்வளவுதான்” என்று ஒரு நாள் கேட்டாள்.

கடைக்குப் பூட்டே கிடையாதே, எப்படி மூடுவது என்று அவர் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சுலைஹாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதை நினைத்தால் இப்போது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பூட்டோடு திரும்பி வந்து அடுப்பை அணைக்கச் சொன்னார். வேலையாட்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

வாசலில் எதையாவது எழுதி மாட்ட வேண்டுமே. அட்டை தேடி மசாலா டின்களை நகர்த்தினார். பின்னால் ஒன்று இருந்தது. எண்ணெய் படாதபடி பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, மாட்டுவதற்குக் கயிறுகூடக் கோத்திருந்தது.

‘இன்று கடை விடுமுறை.’

சுலைஹாவின் குண்டு குண்டான எழுத்து.

எப்போது எழுதி வைத்தாளோ. எத்தனை நாள் காத்திருந்தாளோ.

ஷட்டர் துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டு பேர் தொங்கி இழுத்த பிறகுதான் இறங்கியது. அவர் பூட்டிவிட்டு அட்டையை மாட்டினார்.

மூடிய கடையைப் படமெடுக்க லோகேஸ்வரன் கைபேசியோடு சிரித்தபடியே ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தான்.

இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதை அவள் அட்டையில் எழுத ஜபருல்லாவுக்கு மனம் வரவில்லை. மார்க்கரைத் திறந்து ஷட்டர் தகரத்திலேயே எழுதினார்.

‘சுலைஹாவின் ஜனாஸா நல்லடக்கம், லுஹர் தொழுகைக்குப் பின்.’