விவரமான கடிதம்

"நெய்யப்படுகிறது, சாயம் போடப்படுகிறது, அனுப்பி வைக்கப்படும்... என்னம்மா சுமதி இது? தாலுகா ஆபீஸ் நோட்டீஸு மாதிரி இருக்கு!"

சேலை வியாபாரி சுப்புராஜ் கடிதத்தை மேசைமேல் போட்டார். சேலை கொடுக்கிறோம் என்று சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு இதே மாதிரி மூன்று கடிதம் போட்டாயிற்று. ஒரு வரி பதில் இல்லை.

"எப்பவும் இப்படித்தான மொதலாளி எழுதுறோம்?" என்றாள் கடையில் டைப் அடிக்கும் சுமதி.

"அதான் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல. மதுரையில வியாபாரிக கூட்டத்துல ஒருத்தர் சொன்னாரு. யாரு என்ன செய்றாகன்னு ஆளைச் சொல்லி எழுதணுமாம். அப்பத்தான் படிக்கிறவுகளுக்கு நம்பிக்கை வருமாம்."

"எழுதிட்டுக் காட்டுறேன் மொதலாளி."

"காட்ட வேணாம், அனுப்பிரு. கையெழுத்துதான் போட்டு வச்சிருக்கேன்ல?"

மாதம் பிறந்ததும் பத்து வெற்று லெட்டர்பேடு தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். படித்துப் பார்க்கிற வேலை மிச்சம்.

கடிதம் போன பிறகுதான் மனுஷனைப் பயம் பிடித்துக்கொண்டது. அவரிடம் சேலை வாங்கிக்கொண்டிருந்த பழைய கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். இந்த ஆர்டரும் கைநழுவினால் தீபாவளிக்குள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்தார்.

"யாரையும் விட்டுறலையேம்மா?"

"சேலையில கை வைக்கிற ஒருத்தரையும் விடல மொதலாளி."

"பெறகு ஏன் இன்னும் பதிலக் காணோம்?"

அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? பாவம்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கார் வந்து கடை வாசலில் நின்றது. அந்தச் சென்னைக் கடைக்குச் சரக்கு வாங்கும் விஜயபாண்டி இறங்கினார். சுப்புராஜ் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"வாங்க, வாங்க! மொதல்ல காப்பி சாப்பிடுங்க."

"இருக்கட்டும் சார். உங்க கடிதத்தைப் படிச்சதும் கிளம்பிட்டேன். பாளையம்பட்டியில தங்கலட்சுமி நெய்யறாங்க, திருச்சுழி ரோட்டுல தவசி சாயம் போடுறார், செல்லக்கிளி மடிச்சுக் கட்டி லாரியில ஏத்தறாங்கன்னு விவரமா எழுதியிருந்தீங்களே! காலையிலிருந்து ஒவ்வொருத்தர் வீடா போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். ஒரு வரி பொய் இல்லை சார்!"

சுப்புராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுமதியைப் பெருமையாகப் பார்த்தார். சம்பளத்தைக் கூட்டிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அப்ப ஆர்டரு...?"

"ஆயிரம் சேலை. முன்பணத்தோட கொடுத்தாச்சு."

"கொடுத்தாச்சா? யாருகிட்ட?"

"தங்கலட்சுமி அம்மாகிட்டத்தான். மூணு பேரும் சேர்ந்து நேராவே அனுப்பிடறதாச் சொல்லிட்டாங்க."

"அப்ப... நானு?"

விஜயபாண்டி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார்.

"அதைக் கேட்கத்தான் சார் வந்தேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, சரி... நீங்க என்ன செய்யறீங்கன்னு இதுல ஒரு வரிகூட இல்லையே?"