நாளைக் காலை டூட்டி

“இன்னா வேல பாக்குறீங்கம்மா?” என்று விழுப்புரம் மனநல கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண் கேட்டாள்.

“டீச்சர்” என்று மலர்விழி பொய் சொன்னாள்.

இரண்டு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. இந்த டாக்டரைச் சொன்னதும், பொய்யைச் சொல்லிக்கொடுத்ததும் சீனியர் குமரேசன்தான். “ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்க. உங்கப்பா கூலிக்குப் போயி படிக்க வெச்சதெல்லாம் வீணாயிடும்மா.”

“மல்லாட்டை வியாபாரி, உள்ள போங்க! ரெண்டு வருசமா வந்துகினு கீறீங்க, இன்னும் ஃபைல மறந்துட்டா வர்றது?”

சீட்டு எழுதும் பெண் கூப்பிட்டதும், நிலக்கடலை வியாபாரியாக முன்வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். குமரேசன்!

“சார், நீங்களுமா?”

“கத்தாத. நாளைக்குப் பேசிக்கலாம்.”

“எங்க? நூத்தி எம்பது பேர ஏத்திக்கினு வானத்துலயா? நீங்க கேப்டன், நான் கோ-பைலட். ரெண்டு பேருமே தூங்கலன்னா பிளேன யாரு சார் ஓட்டுறது?”

அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மலர்விழி அங்கேயே நின்று ஆபீசுக்கு ஃபோன் செய்தாள்.

“நாளைக்கு நான் ஓட்ட மாட்டேன். தூக்கம் இல்ல, டாக்டர்கிட்ட வந்திருக்கேன். காரணத்த அப்பிடியே எழுதிக்குங்க.”

“சரி. கேப்டன் குமரேசனாவது வர்றாரா?”

மலர்விழி ஃபோனை அவரிடம் நீட்டினாள்.