ராங்கியின் கன்று

தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கழுத்தில் ஊசி இறங்கியபோது அந்தக் கன்று ஓர் இமைகூடத் தட்டவில்லை. அப்படியொரு பொறுமைசாலியை மாட்டு இனம் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் காணவில்லை.

மாட்டு டாக்டர் வந்த நேரம்தான் சரியில்லை. பால்காரம்மா மதியப் பால் கறக்க அப்போதுதான் குந்தியிருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே வாளி, இரண்டு கையிலும் காம்பு.

"ஏம்மா, வந்துட்டேன்! மருந்தும் வந்துடுச்சு!" என்று கொட்டகை வாசலில் நின்று கூவினார் டாக்டர்.

"மெதுவா, டாக்டர், மெதுவா! அவ காதுல விழுந்துடப் போகுது."

அவள் என்றது பசுவை. பெயர் ராங்கி. பெயர் வைத்தவர்கள் தப்பே செய்யவில்லை. தண்ணீர்த் தொட்டியை ஒரு சாண் தள்ளி வைத்ததற்காக இரண்டு வேளை பாலை அடக்கிக்கொண்டவள் அவள். டாக்டர் ஒருமுறை கொட்டகைக்குள் தும்மிவிட்டுப் போனதற்கு, மறுநாள் காலைவரை மடியைத் தொடவிடவில்லை.

கறக்கும்போது கன்று கண்ணெதிரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காம்பிலிருந்து காற்றுகூட வராது. அப்படியே நாலு நாள் போனால் மடியே வற்றிவிடும். பால்காரம்மாவின் வீட்டுக்காரரோ முதுகு பிடித்துக் கட்டிலோடு கிடந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் ராங்கியின் மனசில் இருந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கன்னுக்குட்டி எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"வளர்த்தி?"

"கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"பால் குடிக்குதா?"

"இல்ல."

"படுக்குதா, எந்திரிக்குதா?"

"நின்னா நின்ன எடந்தான். டாக்டர், கறந்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் பேசலாம், போயிட்டு வாங்க."

"இப்படி அப்புறம் அப்புறம்னுதாம்மா எத்தனையோ கன்னு கையவிட்டுப் போகுது!"

பால்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "அப்புறம் வாம்மான்னு என்னை எத்தனை தடவ திருப்பி அனுப்புனீங்க? கன்னு சுவத்தையும் தாழ்ப்பாளையும் நக்கிக்கிட்டுக் கெடக்குதுன்னு வந்து அழுதேனே, அப்ப?"

"மருந்து வந்து சேரலையேம்மா. அதுக்காக என் ரத்தத்தையா எடுத்து ஏத்த முடியும்?" டாக்டர் பையைத் திறந்தார். "வெறும் பாலையே குடிக்கிற கன்னுக்கு இரும்புச்சத்து எங்கேருந்து வரும், சொல்லுங்க? பொறக்கும்போது கொண்டுவந்தது தீந்துபோனா ஈறு வெளுத்துடும், வளர்த்தி நின்னுடும். இந்த ஊசி மட்டும் உள்ள போகட்டும். அப்புறம் பாருங்க, உங்களையே முட்டித் தள்ளும்."

பால்காரம்மாவின் கண்கள் கலங்கின. டாக்டர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

வெளியே கண்ணைக் குத்தும் வெயில். உள்ளேயோ ஈ வராமலிருக்க ஜன்னலில் சாக்கு தொங்கியது. டாக்டரின் கண்ணாடி மூக்கில் இருந்ததைவிடச் சட்டைப் பையில் இருந்த காலமே அதிகம். தடவித் தடவி ராங்கியின் முகத்தருகே போனார். அங்கே கம்பத்தை ஒட்டிக் கன்று நின்றது. அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தார்.

"என்னம்மா, நெத்தியில முடியே காணோம்?"

"இவ நக்கி நக்கியே போயிடுச்சு."

"அப்படியில்லம்மா. ரத்தம் இல்லாத தோல்ல முடி நிக்காது" என்று திருத்தினார் டாக்டர். படித்தவர் அல்லவா.

சிரிஞ்சில் வெல்லப்பாகு நிறத்தில் மருந்து ஏறியது.

"வேணாம் டாக்டர்!" என்று பால்காரம்மா கிசுகிசுத்தாள். எழுந்துபோய்த் தடுக்க வழியில்லை. கை நின்றால் ராங்கி பாலை அடக்கிவிடுவாள். உரக்கச் சொல்லவும் வழியில்லை. காம்புகளைப் பிடித்தபடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை மட்டும் ஆட்டினாள். "உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், அதைத் தொடாதீங்க."

"பயப்படாதீங்கம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

ஊசி இறங்கியது. கன்று துள்ளவில்லை, கத்தவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை.

"சமத்துன்னா இதுதான் சமத்து! என் பேரனுக்கு ஒரு ஊசி போடணும்னா நாலு பேர் மேல ஏறி உட்காரணும்" என்று மெச்சிக்கொண்டே டாக்டர் ஊசியை உருவினார்.

முனையோடு ஒரு வைக்கோல் துரும்பும் வந்தது.

டாக்டர் குனிந்தார். கையால் துழாவினார். கன்றின் வயிற்றடியில், கழுத்திலிருந்து வால்வரைக்கும், சாக்கு தைக்கும் நூலால் போட்ட தையல் விரலில் தட்டுப்பட்டது. அழுத்திய இடமெல்லாம் உள்ளே வைக்கோல் சரசரத்தது.

டாக்டர் வாயைத் திறந்தார். ராங்கி தலையைத் திருப்பி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

வாளியில் பால் நுரைத்துக்கொண்டே இருந்தது. பால்காரம்மா கையை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நீங்க திருப்பி அனுப்புனீங்களே, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள அது போயிடுச்சு" என்றாள், மூச்சுவிடும் சத்தத்தில். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர்."